என் அம்மாவை உன் அம்மா என்றாய்

கேளம்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நேற்று ஆயுத பூஜைக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். தெர்மாகோலை வெட்டிக் கோபுரம் மாதிரி ஒன்றை ஒட்டுவதற்காக யாரோ குளூ கன்னைச் சொருகி வைத்திருந்தார்கள். பசைக்குச்சி உருகும் வாடை மெல்ல என் மேசை வரைக்கும் வந்தது. மெழுகும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து தீய்வது போன்ற வாடை. பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நான் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாடை வந்தாலே எனக்கு உன் கை ஞாபகம் வந்துவிடுகிறது. பொம்மையின் காலை ஒட்டும் அவசரத்தில் சூடான பசை பட்டு உன் ஆட்காட்டி விரல் நுனியில் எப்போதும் ஒரு கொப்புளம் இருக்கும். அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே அடுத்த காட்சியைப் பற்றிப் பேசுவாய். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் கேட்க வேண்டியதை என்னால் கேட்டு முடிக்க முடியவில்லை. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் திட்டப் போவதில்லை. நடந்ததைச் சொல்லப் போகிறேன். அதில் உனக்குத் தெரிந்ததும் உண்டு, நீ இல்லாதபோது நடந்ததும் உண்டு.

கல்லூரியில் கடைசி வருடம் எல்லோரும் ஒரு அனிமேஷன் குறும்படம் முடித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் வரையத் தொடங்கியபோது நீ மட்டும் பொம்மை வைத்துத்தான் எடுப்பேன் என்று நின்றாய். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி கொஞ்சம் நகர்த்து, மறுபடி ஒன்று எடு. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்கும். நீ இதை விளக்கியபோது இந்த ஜென்மத்தில் முடியாது என்று வகுப்பே சிரித்தது. நாங்கள் மூன்று பேர்தான் சிரிக்கவில்லை. செங்கல்பட்டு ஜான்சன் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பழகியவன், சொந்தமாகக் கேமரா வைத்திருந்தான். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த தினேஷ் எந்த அட்டையைக் கொடுத்தாலும் அதை வீடாகவோ வண்டியாகவோ மாற்றிவிடுவான். எனக்குப் பொம்மை செய்ய வரும். கதையும் இயக்கமும் நீ. எங்களுக்கு நீதான் தலைவி என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அப்படியே ஆகிவிட்டது.

முதலில் செங்கல்பட்டில் உன் வீட்டு மாடியில்தான் மேசை போட்டோம். வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் பாதை. ஒவ்வொரு வண்டி போகும்போதும் மேசை நடுங்கும்; நிற்க வைத்த பொம்மை தள்ளிப் போய்விடும். காலையிலிருந்து எடுத்ததை ஓட்டிப் பார்த்தால், பொம்மைக்குக் குளிர் ஜுரம் வந்த மாதிரி உடம்பு உதறியது. ஜான்சன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே படுத்துவிட்டான். "இன்னாபா இது, மலேரியா கேஸ இட்டாந்து நடிக்க வுட்டுகிறோமா?" என்றான். உன் அம்மா அஞ்சலகத்தில் வேலை முடிந்து வந்து, எங்களுக்குத் தட்டில் பிஸ்கட்டும் டீயும் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போவார். நீ நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவுமில்லை. எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ரயிலுக்குப் பயந்துதான் உங்களை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். புதுப்பட்டினத்தில் எங்கள் தெரு கடலை ஒட்டியது. அப்பா வலையும் மிதவையும் போட்டு வைத்திருந்த பின்னறையைக் காலி செய்து கொடுத்தார். அந்தக் கோடை முழுக்க அந்த அறைதான் நமக்கு ஸ்டூடியோ. பொம்மையின் சேலை அசைந்துவிடும் என்று மின்விசிறியைப் போட மாட்டாய். வேர்வை வழிந்து மேசையில் சொட்டாமலிருக்க எல்லோரும் நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்தோம். அப்பா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, இதென்ன காவடி எடுக்கப் போகிற கூட்டமா என்று அம்மாவிடம் கேட்டாராம்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஏனென்றால் அவள் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காலையில் கரையில் மீன் எடுத்துக் கூடையைத் தலையில் வைத்தால், கல்பாக்கம் குடியிருப்பில் வீடு வீடாக விற்றுவிட்டு மதியம்தான் திரும்புவாள். என்னை வயிற்றில் சுமந்திருந்த காலத்தில் பஸ்ஸில் செங்கல்பட்டு வரைக்கும் போய் விற்றிருக்கிறாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை நீதான் அவளிடமிருந்து வாங்கினாய்.

ஒரு மதியம் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். நீ அவளுக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் பொம்மைக்குக் கம்பியில் கை முறுக்கிக்கொண்டு நிலைப்படியில் இருந்தேன். நமக்கு அதுவரை கதை சரியாக அமையவில்லை. நீ திடீரென்று, அத்தை, வியாபாரத்துக்குப் போன இடத்தில் எப்போதாவது அழுதிருக்கிறீர்களா என்று கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. நான்கூடக் கேட்டதில்லை.

அம்மா கையை நிறுத்தாமலேயே சொன்னாள். செங்கல்பட்டுக்குப் போகிற ஒரு தனியார் பஸ். கூடை நாறுகிறது என்று ஒருவர் ஆரம்பித்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கண்டக்டர் கூடையைத் தூக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு, இறங்கு என்றார். மழை. பின்னால் வந்த வண்டி எதுவும் நிற்கவில்லை. அவள் கூடையைத் தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தாள். திருக்கழுக்குன்றம் வரை நடந்து, அங்கே தெருத் தெருவாய்க் கூவி எல்லா மீனையும் விற்றுவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

"அதுக்கெல்லாம் அழல. மீனு கெட்டுப் பூடுமேன்னுதான் நெனப்பு. கடசில ஒருத்தி மீனு வாங்க வந்தா. கூடைய எறக்க கை குடுத்துகினே, எத்தினி மாசம்மான்னு கேட்டா. அப்பத்தான் அழுதுட்டேன். அவ பேருகூடத் தெரியாது."

நீ எழுந்து கடல் பக்கம் போய் நின்றாய். திரும்பி வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. என்னிடம் மெதுவாக, இதுதான் நம் படம் என்றாய். அம்மாவிடம் கேட்க வேண்டாமா என்றேன். எடுத்து முடித்துக் காட்டுவோம், அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது என்றாய். பின்னறையில் நடப்பதை வைத்துத் தன் கதையைத்தான் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்கோ ஒரே வெட்கம். தெருவில் அக்கம்பக்கத்தில் சொன்னாள், கல்பாக்கத்தில் வழக்கமாக மீன் வாங்கும் வீடுகளிலும் சொன்னாள்.

எப்படியெல்லாம் உழைத்தோம். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துப் பொம்மைக்குக் கட்டினேன். தினேஷ் மரப்பலகைத் துண்டுகளில் ஒரு பஸ் செய்தான். ஜன்னல் கம்பி, படிக்கட்டு, டிரைவர் தலைக்கு மேலே சாமி படம் வரைக்கும் அதில் இருந்தது. கூடையில் போட நிஜமான நெத்திலிக் கருவாட்டை எடுத்து வைத்தோம். மறுநாள் வந்து பார்த்தால் பூனை கூடையோடு காலி செய்துவிட்டுப் போயிருந்தது. "ஆர்ட்டிஸ்ட்ட துன்னுட்டுப் பூட்ச்சுடா" என்று தினேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு களிமண்ணில் மீன் செய்து வெள்ளித்தாள் சுற்றினோம். படத்தில், எல்லோரும் மூக்கைப் பொத்தும் நேரத்தில் பஸ்ஸுக்குள் கடல் நிறையும். பயணிகளின் தலைக்கு மேலே மீன்கள் நீந்தும். அந்தக் கடலை நீலக் கண்ணாடித்தாளை அடுக்கி அடுக்கித்தான் கொண்டுவந்தோம். நீ ஒவ்வொரு தாளாக நகர்த்த, ஜான்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தான்.

முடிவில் மட்டும் நமக்குள் சண்டை வந்தது. அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதாக நீ எழுதியிருந்தாய். எனக்கு அது ஒட்டவில்லை. அவளை இறக்கிவிட்ட பிறகும் மீன் வாடை பஸ்ஸிலேயே இருக்க வேண்டும், யாருடைய சட்டையிலிருந்தும் போகக் கூடாது, அவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் இருக்க வேண்டும் என்றேன்.  நீ என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "இதை எங்கடி வச்சிருந்தே இவ்வளவு நாளா" என்றாய். நம் சிநேகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நிமிஷம் அதுதான். இன்றைக்கும் அதுதான். அதைக் கோபத்தால் அழிக்க முடியவில்லை. அழிக்க முடியாததால்தான் கோபமும் போகவில்லையோ என்னவோ.

அந்தக் கோடையில் எப்போதோ நீ அம்மாவை அத்தை என்பதை விட்டுவிட்டாய். ஒரு நாள் தட்டை நீட்டி, "அம்மா, இன்னொரு துண்டு" என்றாய். அம்மா மீனின் தலைத்துண்டை எடுத்து உன் தட்டில் வைத்தாள். எங்கள் வீட்டில் தலைத்துண்டு அப்பாவுக்குத்தான் போகும். எனக்குப் பொறாமையே இல்லை. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத எனக்கு ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்றுதான் இருந்தது.

படம் முடிந்தது. கடைசிக் காட்சியை எடுத்துவிட்டு ஜான்சன் கேமராவை நிறுத்தினான். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினோம். பார்த்து முடித்துவிட்டு, நான் இவ்வளவு ஒல்லியா என்று மட்டும் கேட்டாள். நாமெல்லாம் சிரித்தோம். நீதான் அதிகமாகச் சிரித்தாய், அவள் தோளில் சாய்ந்துகொண்டு.

மாமல்லபுரத்தில் மாணவர் படங்களுக்காக ஒரு விழா நடத்தினார்கள். நம் படம் தேர்வானது. அம்மா தன் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அரங்கில் ஏசி குளிர் தாங்காமல் முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டு எனக்கும் தினேஷுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குள் கடல் ஏறியபோது பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். முடிந்ததும் அரங்கமே கைதட்டியது. திரையில் நம் நான்கு பேர் பெயரும் வந்தது. பெயர்களை நீ ஒழுங்காகத்தான் போட்டிருந்தாய். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இயக்குநர் என்று உன்னை மட்டும் மேடைக்கு அழைத்தார்கள். இந்தக் கதை எப்படி வந்தது என்று கேட்டார் தொகுத்து வழங்கியவர். நீ மைக்கை வாங்கினாய்.

"இது எங்க அம்மாவோட கதை. நான் அவங்க வயித்துல இருந்தப்போ அவங்களைப் பஸ்ஸைவிட்டு இறக்கிவிட்டாங்க. அவங்க நடந்த நடையைத்தான் நீங்க இப்போ பார்த்தீங்க."

மேடை நடுக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். இதோ, அடுத்த வாக்கியத்தில் திருத்திவிடுவாய் என்று காத்திருந்தேன். தொகுப்பாளர், அம்மா இங்கே வந்திருக்கிறார்களா என்று கேட்டார். நீ எங்கள் வரிசையைப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய். என் கண்ணும் உன் கண்ணும் சந்தித்தன.

"இல்ல. அவங்களால வர முடியல" என்றாய்.

மறுபடி கைதட்டல். என் பக்கத்தில் அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என் காதருகே குனிந்து கேட்டாள்.

"அவுங்கம்மாவும் மீனு விக்கிறவங்களா? சொல்லவேயில்லியே அது."

அந்தக் கேள்வி உன் காதில் விழுந்திருக்க வேண்டும். நீ மேடையில் சொன்னதைவிட அதுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. உலகத்தில் இன்னொருத்தியும் தன்னைப் போல மழையில் இறக்கிவிடப்பட்டிருக்கிறாள் என்றுதான் முதலில் அவள் நினைத்தாள். அவளுக்காக வருத்தப்பட்டாள்.

வெளியே, கல் சிற்பமும் சங்கும் விற்கிற கடைகள் ஓரமாக உன்னைப் பிடித்து நிறுத்தினேன். நீ கையில் விழாவில் கொடுத்த கேடயத்தை வைத்திருந்தாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன். படத்துக்காகச் சொன்னேன் என்றாய். சிநேகிதியின் அம்மா கதை என்றால் அது கேள்விப்பட்ட கதைதான், யாரும் நெஞ்சில் வாங்க மாட்டார்கள், நம் நான்கு பேருக்கும் நல்லதுதானே என்றாய். சொல்லிச் சொல்லிப் பழகிய மாதிரி சரளமாக வந்தது.

"அம்மா உள்ளதான் உக்காந்திருந்தாங்க" என்றேன்.

"தெரியும்" என்றாய்.

அந்த ஒரு சொல்தான். யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாய். அம்மா உனக்காகக் கொண்டு வந்திருந்த வறுத்த வஞ்சிரம் தூக்கில் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

ஒரு முறை என்றால் தவறு என்று விட்டிருப்பேன். நீ மேடையில் பேசியதை யாரோ இணையத்தில் போட்டார்கள். படத்தைவிட அந்தப் பேச்சுத்தான் ஊரெல்லாம் சுற்றியது. ஒரு யூடியூப் சேனலில் உன்னைப் பேட்டி எடுத்தார்கள். அதில் இன்னும் விரிவாகச் சொன்னாய்: எத்தினி மாசம் என்று கேட்ட அந்தப் பெண்ணைப் பற்றி, கூடை சுமந்து அம்மாவின் உச்சந்தலையில் முடி தேய்ந்ததைப் பற்றி. அந்த உச்சந்தலையில் எண்ணெய் வைத்துவிடுகிறவள் நான். உன் அம்மாவின் முடி அடர்த்தியானது. நான் பார்த்திருக்கிறேன்.

கல்பாக்கத்தில் ஒரு வீட்டம்மா அந்த வீடியோவை அம்மாவிடம் காட்டினாராம். இந்தப் பெண் தன்னைப் பெற்றவளின் கதை என்கிறதே, நீ உன் கதை என்று சொன்னாயே என்று சிரித்தாராம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் எங்கள் தெருவிலும் அதே பேச்சு வந்துவிட்டது. யாரோ பட்ட கஷ்டத்தைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்று. தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றுக்கு அம்மா பொய்க்காரி ஆகிவிட்டாள். வீட்டுக்கு வந்து கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"இனிமே அந்தக் கதய யாராண்டயும் சொல்லாத. எனக்கு ஒண்ணும் நடக்கல."

ஜான்சன் உன் எண்ணையே அழித்துவிட்டான். நாம் வாயைத் திறந்தால் படத்துக்குத்தான் கெட்ட பேர், அதில் நம் உழைப்பும் இருக்கிறது என்று தினேஷ் மன்றாடினான். நான் உனக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன். நீ எடுக்கவில்லை. ஹைதராபாத்தில் பெரிய ஸ்டூடியோ ஒன்றில் உனக்கு வேலை கிடைத்த செய்தி மற்றவர்கள் மூலம்தான் வந்தது. கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு தகவல் அனுப்பினாய். நேரில் வந்து அம்மாவிடம் பேசுகிறேன், கொஞ்சம் நேரம் கொடு. அவ்வளவுதான். நான் நேரம் கொடுத்தேன். என் பதிலை மனதுக்குள் எழுதி எழுதித் திருத்திக்கொண்டே காத்திருந்தேன்.

அப்புறம் காய்ச்சல் என்றார்கள். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஜான்சன் என்னை அழைத்தபோது அவன் குரலை வைத்தே புரிந்துகொண்டேன். உன்னைச் செங்கல்பட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வந்து பார்த்தேன். அழுகை வரவில்லை. சுற்றிலும் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவள் என்னிடம் பதில் சொல்லாமல் படுத்திருக்கிறாளே என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. அம்மா அழுதாள். உன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சில்லுன்னு கீதே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நீ பார்க்காமல் போனதைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி, தெருவில் விசாரித்துக்கொண்டு தனியாக வந்தார். அம்மா பதறிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாய், எங்கே படுத்துக்கொள்வாய் என்று கேட்டார். காட்டினோம். பின்னறைக்குள் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த நீலத்தாள் ஒன்றை நகத்தால் நீவிக்கொண்டே நின்றார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"அவ குரல்னு எங்கிட்ட இருக்கிறது அந்த வீடியோ மட்டும்தான்மா. தினமும் போட்டுக் கேக்கறேன். அதுல அவ அம்மா அம்மான்னு சொல்றா. அது நான் இல்ல."

அஞ்சலகத்தில் சக ஊழியர்கள், நீங்கள் முன்பு மீன் விற்றீர்களா என்று கேட்டார்களாம். அதில் அவருக்கு அவமானம் இல்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லையாம். தான் எதில் குறை வைத்தோம் என்று நீ போனதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாராம். உன் அப்பா விட்டுப்போன வீட்டில் வேலைக்கும் போய்க்கொண்டு உன்னை வளர்த்தவர். உன்னிடம் உட்கார்ந்து பேச நேரம் இருந்ததில்லை என்று அவரே சொன்னார். கடைசியாக என் அம்மாவிடம், என்னைப் பற்றி இங்கே ஏதாவது சொல்வாளா என்று கேட்டார்.

எனக்கு உண்மை தெரியும். அந்தக் கோடை முழுக்க நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"வாயத் தொறந்தா உங்க பேச்சுதாம்மா. எங்கம்மா வச்ச கொழம்பு மாதிரி வருமான்னு எங்கிட்டயே சொல்லிகினு இருக்கும்."

உன் அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார். என் அம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்காகப் பொய் சொல்லும் வேலையையும் என் அம்மாவிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாயே என்று.

அதன் பிறகு கல்லூரியில் உன் நினைவாகப் படத்தைத் திரையிட ஏற்பாடு செய்தார்கள். படம் உருவான விதம் பற்றி நான் பேச வேண்டும் என்றார்கள். செத்தவளை மேடையில் வைத்துக் கிழிக்கப் போகிறாயா என்று தினேஷ் கேட்டான். ஜான்சன் மட்டும், "நீ பேசலன்னா நான் பேசுவேன், வுட மாட்டேன்" என்றான். அம்மா வர மறுத்தாள். நான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். உன் அம்மா முதல் வரிசையில் இருந்தார்.

உன்னைப் பற்றி நல்லதெல்லாம் சொன்னேன். அதில் எதுவும் பொய்யில்லை. நீ இல்லாவிட்டால் இந்தப் படம் இல்லை, நாங்கள் மூன்று பேரும் பாதியில் ஓடியிருப்போம் என்றேன். ரயில் நடுக்கத்தைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சொன்னேன்.

"இந்தப் படத்துல நடக்கிறவங்க என் அம்மா. அன்னைக்கு அவங்க வயித்துல இருந்தது நான். மாமல்லபுரத்துல என் தோழி வேற மாதிரி சொன்னா. ஏன்னு எனக்குத் தெரியாது. அம்மா அதோ, பின்னால உக்காந்திருக்காங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். யாரும் உடனே கைதட்டவில்லை. அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. உன் அம்மா மட்டும் திரும்பவில்லை. அவர் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினேன். 

வெளியே வேப்பமரத்தடியில் என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சொல்ல வேண்டியதைத்தான் சொன்னே. பெத்தவளுக்குக் கேக்கக் கஷ்டமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

என் அம்மாவின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்கு அம்மா போன் செய்தாள், நலம் விசாரித்துக்கொண்டார்கள். என்னைப் பற்றி அவர் கேட்டாரா என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை.

நான் மேடையில் பேசியதும் இணையத்தில் இருக்கிறது. நீ பேசியதைப் போல அது ஊரைச் சுற்றவில்லை. ஆனால் கல்பாக்கத்தில் அந்த வீட்டம்மாவிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மறுநாள் அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாராம். எங்கள் தெருவில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை, தெரு அப்படித்தான்.

இப்போது நான் செய்வது பள்ளிப் பாடங்களுக்கான கார்ட்டூன். தண்ணீர் எப்படி ஆவியாகிறது, இலை ஏன் பச்சை. அதில் ஒரு பெண் நடந்து போகிற காட்சி வந்தால், காலை வரைவதற்கு முன்னால் கழுத்தை வரைகிறேன். சுமை முதலில் கழுத்தில்தான் தெரியும், கால் அதற்குப் பிறகுதான் என்று எங்கள் முற்றத்தில் அம்மா நடப்பதைப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னவள் நீ. பிறந்ததிலிருந்து பார்த்த நடையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, இது என் தோழி சொன்னது என்று உன் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன். அடுத்தவருடையதை அடுத்தவருடையது என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கல்லூரியிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன், உனக்கு அவள் மேல் கோபமே இல்லையா என்று. அம்மா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"இல்லாம இன்னா. ஆனா கேட்டிருந்தா குடுத்திருப்பேன். எம்மாந்தூரம் நடந்தேன், அதுல அதுக்கும் கொஞ்சம் குடுத்திருக்க மாட்டேனா?"

அம்மாவால் அப்படிச் சொல்ல முடிகிறது. எனக்கு முடியவில்லை. நீ கேட்டிருந்தால் நான் என் அம்மாவை உனக்குக் கொடுத்திருப்பேனா, மாட்டேனா, எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நம் வீடு, நம் சோறு, என் அம்மா என்று எல்லாம் திறந்துதான் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ.